அப்பாவின் மனப்பாடம்

அப்பா மறுபடியும் இருமினார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்த பட்டதாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்ன இருமல் அது?”

“வறட்டு இருமல்மா.”

“வறட்டுன்னு யார் சொன்னா?”

“இருமுறவனுக்குத் தெரியாதா? சளியே வரலையே.”

வறட்டு இருமல். அவள் எழுதிய அதே சொல். பக்க விளைவுகள் என்ற தலைப்பின் கீழே முதல் வரி.

வம்சத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பட்டதாரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே ஒரு காகிதம், அதை எழுதுவதுதான் வேலை. மருந்து எதற்கு, எப்படி விழுங்குவது, விழுங்கினால் என்னென்ன வரலாம். அதிகம் பேருக்கு வருவது முதலில், அபூர்வமானது கடைசியில். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே அவள் எழுதிய காகிதம்!

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இதுல உன் பேர் எங்கம்மா இருக்கு?”

“பேரெல்லாம் போட மாட்டாங்கப்பா. கம்பெனி பேர்தான்.”

“எழுதினது நீ, பேர் மட்டும் அவனுக்கா?”

அன்றிலிருந்து அது அவர் சட்டைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பெயின்ட் வேலை முடிந்து வந்து குளித்ததும், வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு அதை விரிப்பார். அவர் தலையாட்டுவதைப் பட்டதாரி சமையலறையிலிருந்து முதுகுப் பக்கமாகப் பார்ப்பாள். பால்காரர் முதல் மீட்டர் பார்க்க வருகிறவர் வரை யார் வந்தாலும், “எம்பொண்ணு எழுதினது” என்று நீட்டுவார்.

“முழுசாப் படிச்சீங்களா?”

“படிச்சேனாவா? மனப்பாடம்!”

அங்கேதான் வந்தது வினை.

அலுவலகத்தில் சொன்னபோது பக்கத்து மேசை அக்கா சிரித்தாள். “பக்க விளைவெல்லாம் படிக்கிறவங்களுக்குத்தான்டி வரும். கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைப் படிச்சுட்டு எங்க மாமியாருக்கு மசக்கையே வந்துச்சு.”

“என்ன பண்ணினீங்க?”

“காகிதத்தைப் பிடுங்கி ஒளிச்சு வெச்சேன்.”

அப்பாவிடமிருந்து அதைப் பிடுங்குவதும் சரி, உயிரைப் பிடுங்குவதும் சரி. பட்டதாரி வேறு வழி பார்த்தாள். மேனேஜர் சாப்பிடப் போன நேரம், இருமல் வரியை மட்டும் தூக்கிவிட்டு ஒரு பிரதி அச்செடுத்தாள். அதே அளவுக்கு நறுக்கி, அதே மடிப்பில் மடித்து, அப்பாவின் பையில் மாற்றி வைத்தாள்.

அன்று சாயங்காலமும் அப்பா விரித்தார். தலையாட்டினார். இருமினார்.

“மாத்தி எழுதியிருக்கேன்ப்பா. எப்படி இருக்கு?”

“அருமை. ஒரு எழுத்தைத் தொட வேண்டாம்.” லொக்கு லொக்கு.

பழைய வரி மண்டைக்குள் கல்வெட்டாக நிற்கிறது போலிருக்கிறது என்று அவள் பல்லைக் கடித்தாள். அந்த வாரமே அவர் வேலையைப் பாதியில் விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“எழுந்தா தலை கிர்ருன்னு சுத்துதும்மா.”

இரண்டாவது வரி!

அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். “அந்த மாத்திரையை நிறுத்தித் தொலைடி. ஏணி மேல நிக்கிற மனுஷன்!”

“நிறுத்தினா பிரஷர் ஏறி மூளை நரம்பு வெடிக்கும். படிச்சவ நீயா நானா?”

“நீதான்டி. அதான் பயமா இருக்கு.”

அதற்குப் பிறகு அம்மாவையும் நம்ப முடியவில்லை. பட்டதாரியே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, “வாயத் திறங்க, நாக்கைத் தூக்குங்க” என்று சோதித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். கூடவே இன்னொரு காகிதமும் தயாரானது: ‘இம்மருந்தை உண்பவருக்கு இருமல் அணுகாது. தலை சுற்றாது.’ மேனேஜர் கண்ணில் பட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார். பட்டம் வாங்கினது இப்படிப் பொய் எழுதவா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பா அதையும் விரித்தார். “இதுதான்மா எல்லாத்தையும் விட டாப்பு!”

சொல்லும்போது வாய் கோணியது.

“உதட்டுக்கு என்னப்பா?”

“காலைலேர்ந்து மதமதன்னு இருக்கு. ஒண்ணுமில்ல, விடு.”

கடைசி வரி! மிக அபூர்வம் என்று அவள் கையாலேயே எழுதியது. உதடோ முகமோ வீங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போகச் சொன்ன வரி. ஒரு வரி விடாமல், வரிசை மாறாமல் ஒப்பிக்கிறாரே இந்த மனுஷன்!

“கிளம்புங்க. டாக்டர் திட்டினாத்தான் அடங்குவீங்க.”

டாக்டரின் அறைக்குள் நர்ஸ் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பட்டதாரி மூச்சுவிடாமல் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“அப்போ நீங்க வசனம் எழுதுறீங்க, அவர் நடிச்சுக் காட்டுறார்!”

“ஆமா சார். எல்லாம் மனசுதான்.”

“பிரஷர் இன்னும் இறங்கல. அதே மாத்திரையை டபுள் டோஸா எழுதறேன். பெட்டிக்குள்ள இருக்கிற காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுக் குடுங்க.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். மேலுதடு இப்போது பெயின்ட் பிரஷ் மாதிரி தடித்திருந்தது. டாக்டரின் பேனா சீட்டில் இறங்கியது.

பட்டையைக் கழற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்:

“காகிதத்தை ஏன் சார் கிழிக்கணும்? இவருக்கு டோக்கன் நம்பரையே நான்தான் படிச்சுச் சொன்னேன், மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இவரோட மூக்குக்கண்ணாடி ஏணியிலேர்ந்து விழுந்து நொறுங்கிடுச்சாம்.”