ஒருமனதாக நிறைவேறிய சிக்கனம்

தியாகத்தின் வரலாற்றை யாராவது எழுதப் புகுந்தால், முதல் அத்தியாயத்தை எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்குவதே நியாயம்.

டைல்ஸ் விற்கும் எங்கள் கம்பெனி, 'காலத்தின் கட்டாயம்' கருதி என் சம்பளத்தில் கால்வாசியைக் கத்தரித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் அவசரக் கூட்டம் கூட்டினேன். தலைமை நான். மனைவி, மகன், மகள் அனைவரும் ஆஜர்.

"ஆளுக்கு ஒரு செலவை விட்டுக்கொடுக்கணும். தயங்காம சொல்லுங்க."

"நான் ஆன்லைன்ல துணி வாங்கறதை நிறுத்திடறேன்," என்றாள் மனைவி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, நீ தள்ளுபடியிலதானே வாங்கறே? அது செலவே இல்ல, சேமிப்பு. நிறுத்தினா நமக்குத்தான் நஷ்டம்," என்று மகள் திருத்தம் கொண்டுவந்தாள். திருத்தம் ஏற்கப்பட்டது. மகளும் துணி வாங்குபவள்தான் என்பது இங்கே தேவையற்ற தகவல்.

மகன் எழுந்து நின்றான். "நான் ஜிம்மை விட்டுடறேன்ப்பா."

"வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியாச்சேடா!"

"நான்தான் போறதே இல்லையே. அதனால விடறது சுலபம்."

கைதட்டினோம்.

என் முறை வந்தது. "சிகரெட்டை விட்டுடறேன்."

மனைவி பதறிப்போனாள். "ஐயோ, வேணாங்க! போன தடவை நீங்க விட்டப்போ நாங்க வீட்டையே விடவேண்டியதா இருந்துச்சு." குடும்ப நலன் கருதி என் தியாகம் நிராகரிக்கப்பட்டது.

எல்லோரும் தியாகம் செய்தாகிவிட்டது. ஒரு காசும் மிச்சமாகவில்லை.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க," என்றது ஒரு குரல்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா. பல வருஷமாக எங்கள் தரையைத் துடைக்கிறவர். நால்வரும் சோபாவில் ஒரே சமயத்தில் காலைத் தூக்கினோம். தூக்கிய காலோடு ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு, எங்களுக்குக் கீழே குனிந்து துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது அதுவே முதல் தடவை.

சம்பளத்தைக் குறைத்தபோது மேனேஜர் என்னிடம் காட்டிய அதே கனிவை நான் அக்காவிடம் காட்டினேன். "எங்க வருமானம் குறைஞ்சுபோச்சுக்கா. அடுத்த மாசத்துல இருந்து நாங்களே பார்த்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா வாளியை ஓரமாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் யோசனை கேட்பது போலத்தான் கேட்டார்.

"இப்போ எனக்கும் வருமானம் குறையுதுங்களே சார். எங்க வீட்ல நாங்க யாரை நிறுத்தறது?"