வெந்த கிழங்கு ஏறிய கதை

"கிழங்க வேக வெச்சிட்டியா?"

ஆரம்பாக்கம் பள்ளியின் விஞ்ஞான வாத்தியார் வரதன் அலறினார். பள்ளியைப் பெருக்கும் ரோசம்மாள், ஆவி பறக்கும் உருளைக்கிழங்கைப் பெருமையோடு நீட்டினாள்.

"பின்னே? இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குப் பச்சையாவா குடுப்பாங்க? உப்பு கூட போட்டுக்கீறேன் சார்."

"ஐயோ, அது துன்றதுக்கு இல்ல ரோசம்மா!"

கும்மிடிப்பூண்டி சந்தை முழுக்க அலைந்து வாங்கிய ஒரே கிழங்கு அது. பச்சைக் கிழங்கில் குழி தோண்டிச் சர்க்கரைப்பாகு ஊற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்தால், கிழங்கின் உயிருள்ள செல்கள் வழியாகத் தண்ணீர் குழிக்குள் புகும். பாகு மேலே ஏறும். அதை இன்று வரும் பள்ளி இன்ஸ்பெக்டருக்குக் காட்டினால் வரதனின் மூன்று வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். வெந்த கிழங்கிலோ செல்கள் செத்துப்போயிருக்கும். பாகு ஏறாது, இறங்கும்.

"வேற கிழங்கு கிடைக்குமா?"

"இந்த ஊர்ல இங்கிலீஸ் கிழங்கு யாரு ஊட்ல கீது?"

வெந்த கிழங்கையே குழி தோண்டித் தட்டில் வைத்து, பாகையாவது கெட்டியாக்குவோம் என்று வரதன் சர்க்கரையை அள்ளிப் போட்டார். எறும்பு சாரை சாரையாக வந்தது. எறும்பை விரட்ட ரோசம்மாள் மஞ்சள்தூளைத் தூவினாள். தட்டெல்லாம் மஞ்சள். அதைக் கழுவ வரதன் சலவைச் சோடாவைக் கொட்டினார். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்று ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவசரத்தில் அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? தண்ணீர் ரத்தச் சிவப்பானது.

"சீக்கிரம் கொட்டிட்டு வா!"

தட்டோடு வாசலுக்கு ஓடிய ரோசம்மாள், இன்ஸ்பெக்டர் மீதே மோதப் பார்த்தாள்.

"அடடே, ஆரத்தியா!" என்று இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துபோனார். விரலால் தொட்டுத் திலகம் இட்டுக்கொண்டார். தட்டில் இரண்டணா போட்டார். பிறகுதான் நடுவிலிருந்த கிழங்கைப் பார்த்தார்.

"இது என்ன, இந்த ஊர் வழக்கமா?"

"இல்ல சார்... சோதனை" என்றார் வரதன். பொய்யில்லை, அவருக்கு அது சோதனையேதான்.

கிழங்கு கழுவப்பட்டது. வேறு தட்டு, புதுத் தண்ணீர், புதுப் பாகு. மட்டம் தெரிய வரதன் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்தார். அரைமணியில் பாகு ஊசிக்குக் கீழே போய்விட்டது. வரதனுக்கு அழுகை வந்தது.

"பொறுத்துப் பார்ப்போம். நீங்க போய் வருகைப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே வரதன் திரும்பி வந்தார். பாகு ஊசிக்கு மேலே நின்றது!

"பலே! பிரமாதமா ஏறியிருக்கு. நிரந்தரம் பண்ணலாம்னு எழுதிட்டேன்."

இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியர் அறைக்குப் போனதும் வரதன் ரோசம்மாளைப் பிடித்தார். "நீயா தண்ணி ஊத்தின?"

"நான் இன்னாத்துக்கு ஊத்தறேன்? அந்த செவப்புத் தட்ட கழுவிக்கினு கெணத்தாண்ட இருந்தேன் சார்."

வரதனுக்குத் தலை சுற்றியது. அப்படியானால் வெந்த செல்லுக்கும் உயிர் உண்டா? படித்ததெல்லாம் பொய்யா? இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் பெயர் நாடெங்கும் பரவும் என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்ஸ்பெக்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற டவாலிச் சேவகன் மோசஸிடம் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மோசஸ் பெட்டியைக் கீழே வைத்தான்.

"எந்த ஸ்கூல்ல சார் கிழங்கு தானா ஏறிச்சு? வாத்தியார வெளிய அனுப்பிட்டு எங்க ஐயாதான் ரெண்டு கரண்டி தண்ணி ஊத்துவாரு. ஏறலேன்னா இன்னொரு தபா வந்து பாக்கணும், அவருக்கு ரயில்ல ஏறுனாலே வாந்தி!"