அத்தானின் நோவு மருந்தும் என் நேர்முகத்தேர்வும்

வாழ்க்கையில் நான் திருடியது ஒரே ஒரு முறைதான். திருடிய பொருளை முதுகில் ஒட்டிக்கொண்டே மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உருத்திரபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானுக்குக் கணைய அழற்சி. நோ வந்தால், அந்த ஆறடி மனிதர் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதிரையில் மூட்டையாகிவிடுவார். மருந்துத் தடையால் பனடோல் குளிசைக்கே வரிசையில் நின்ற போர்க்காலம் அது. கனடாவிலிருந்த அவருடைய தமக்கை யார் யாரையோ பிடித்து ஒட்டு மருந்து அனுப்பியிருந்தார். கண்ணாடித்தாள் போல ஒரு சின்னத் துண்டு. மேற்கையில் ஒட்டினால் மருந்து தோல் வழியாக இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று. கிளிநொச்சி டொக்டர் பார்த்து அளவு சொன்னார். அத்தான் நிமிர்ந்தார், சோறு கேட்டார், அக்காவோடு சண்டையும் பிடித்தார். (வீடே மகிழ்ந்தது.)

எனக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்தேர்வு வந்தது. அதற்கு முதல்நாள் நெல்மூட்டை தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. நோவுக்கு ஒட்டுவதுதானே என்று அலுமாரியைத் திறந்து, பின்னேரமே ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டேன். அது மோர்பீனைவிடப் பொல்லாதது என்று எனக்கு யார் சொன்னார்கள்? (அக்கா சொல்லியிருந்தா. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

காலையில் முதுகு நோ இல்லை. முதுகே இல்லாதது போலிருந்தது. கிளிநொச்சிவரை சைக்கிள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

“ஏன் தம்பி ஆசிரியராக விருப்பம்?” நடுவில் இருந்த அதிகாரி அம்மா கேட்டா.

“ஓம்.”

“ஏன் எண்டு கேட்டனான்.”

“ஓம்” என்றேன், இன்னும் உறுதியாக. பிறகு என் சான்றிதழ்கள் மீதே ஓங்காளித்துச் சத்தி எடுத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றினார்கள். அத்தானுக்கு அளவு சொன்ன அதே டொக்டர் என் முதுகைப் பார்த்தார்.

“இந்த மாவட்டத்திலேயே இதை ஒட்டுற ஆள் ஒருத்தர்தான். நீர் அவரில்லை.” துண்டை உரித்தெடுத்தபோது அவர் முகம் மாறியது. “பழக்கமில்லாத உடம்புக்கு இது மூச்சையே நிப்பாட்டும், தெரியுமோ?”

அன்று முழுவதும் என்னை நித்திரைகொள்ள விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்கா வந்து, அழுதுகொண்டே தன் பங்குக்கும் தட்டினா. (அது மருத்துவத்தில் சேராது.) கூடவே வந்து நடந்ததைக் கேட்ட அத்தான் என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

“சிரிக்கப் பண்ணாதையடா, வயிறு நோகுது!”

ஆனால் மருந்தில் ஒன்று குறைந்துபோனது. அடுத்த பொதி வருவதற்கு முன், கடைசி மூன்று நாளும் அவர் மறுபடி மூட்டையானார். நான் பக்கத்தை விட்டு அசையவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். அவரோ திட்டவேயில்லை.

நேர்முகத்தேர்வுக்கு இரண்டாம் முறை கூப்பிட்டபோது அதே அம்மா, “இண்டைக்கு முழிப்போ?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தந்தா.

இன்று எங்கள் குடும்பப் பிள்ளைகள் எந்த நாட்டில் நேர்முகத்தேர்வுக்குப் போனாலும், அக்காவின் அழைப்பு வரும்: “முதலிலை சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டு!” வீடியோ அழைப்பு வந்த பிறகு ஒருவராலும் தப்ப முடிவதில்லை.