தொடாதை அண்ணையின் ஒப்பரேசன்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் கப்பல்களை உள்ளே விட வேண்டும் என்று மனதார நம்பிய ஒரு மனிதரோடு நான் வேலை செய்திருக்கிறேன். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியின் தியேட்டரில் அவர் சத்திரசிகிச்சை உதவியாளர். டொக்டர் கை நீட்டினால் போதும், கேட்க முதலே கத்தியோ கிளாம்போ உள்ளங்கையில் 'டப்' என்று வந்து விழும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் தொடாதை அண்ணை.

ஒப்பரேசனுக்கு முன்னால் முழங்கை வரை கழுவிக் கையுறை போட்டவர்கள், கிருமி நீக்கிய பச்சைத் துணியையும் கருவிகளையும் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. தொட்டால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான சட்டம்தான். நான் கையுறை போடாமல் வெளிவட்டத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கும் தாதி. அண்ணையின் பார்வையில் நடமாடும் கிருமி. பச்சைத் துணிக்கு எட்ட நின்றாலும் விடமாட்டார்.

"மிஸி, தொடாதைங்கோ!"

"நான் தொடேல்லையே அண்ணை."

"தொடுற மாதிரி மூச்சு விட்டனீங்கள்."

மற்றவர்களுக்கு இந்தச் சட்டம் தியேட்டர் வாசலோடு முடிந்துவிடும். அண்ணைக்கு அங்கேதான் தொடங்கும். கழுவிய கைகளை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடிக்கும் பழக்கம் தெருவிலும் போகவில்லை. கும்பிட்டபடி நடக்கிறார் என்று நினைத்து, கோயில் ஐயர் முதல் விபூதியை அவருக்கே கொடுத்துவந்தார். தண்ணீர்க் குழாயை முழங்கையால் திறப்பார். தேத்தண்ணிக் கடை வாசலில் தின்னக் கிடைக்கும் பணிசுக்கு ஆசைப்பட்டு, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று அவருடைய சட்டையை முகர்ந்தபோது, "தொடாதை!" என்று அவர் போட்ட சத்தத்தில் மான் மட்டுமல்ல, கடையில் இருந்தவர்களும் எழும்பி ஓடினார்கள்.

கதவுகளை அவர் கையால் தள்ளியதே இல்லை. முதுகால் தள்ளித் திறந்து, பின்பக்கமாகவே உள்ளே நுழைவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் போனாராம். அவருடைய மனைவி, சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த அக்கா, சிரிக்காமல் இந்தக் கதையைச் சொல்லுவா.

"முகத்தைப் பாக்க முதல் முதுகைத்தான் பாத்தனான். முதுகு பரவாயில்லை எண்டுதான் ஓம் எண்டனான்."

இப்படிப்பட்ட மனிதர் வயிற்றில் ஒரு குடலிறக்கத்தை இறுக்கமான பெல்ட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஒருநாள் ஒப்பரேசன் முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோதுதான் பிடிபட்டார். டொக்டர் அங்கேயே பரிசோதித்துப் பார்த்தார்.

"இனியும் இழுத்தடிச்சால் குடல் இறுகிப் போயிடும். பிறகு உயிருக்கு நான் பொறுப்பில்லை."

"நான் படுத்தால் உங்களுக்குப் பக்கத்திலை ஆர் நிக்கிறது டொக்டர்?"

இந்தக் கேள்வியை வைத்தே அண்ணை நாளைக் கடத்தினார். முதலில் அம்மன் கோயில் திருவிழா முடியட்டும் என்றார். முடிந்ததும் மழைக்காலம் புண்ணுக்குக் கூடாது என்றார். மழை விட்டதும், புதிதாக வந்த கையுறைகளில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். கடைசியில் ஒரு காலை வலியில் சத்தி எடுத்து, நடக்கவும் ஏலாமல் இருந்தவரை அக்கா ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தா. "இந்த மனுசன்ர கதையைக் கேக்காதைங்கோ டொக்டர். மேசையிலை ஏத்துங்கோ."

அவருடைய இடத்தில் அன்று நின்றது கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தாதி. பாவம், அவவுக்கு அண்ணை படுத்தபடியே பாடம் எடுத்தார். டொக்டரின் நகங்களையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைத்த பிறகும் வாய் விறைக்கவில்லை. நெஞ்சுக்கு மேலே திரைபோலக் கட்டிய பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் அவருடைய தலையும் கைகளும், அந்தப் பக்கம் டொக்டரும் வயிறும்.

டொக்டர் வழக்கம்போலக் கையை நீட்டி, "கத்தி" என்றார்.

கிண்ணியா மிஸி கத்தியை எடுக்க முதலே பச்சைத் துணி விலகியது. அண்ணையின் வலது கை மேலே வந்து, டொக்டரின் உள்ளங்கையில் 'டப்' என்று விழுந்தது. கையில் ஒன்றுமில்லை. வெட்டப்போகும் நோயாளியின் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு டொக்டர் அப்படியே நின்றார்.

"தொடாதை!" என்று தியேட்டரே ஒரே குரலில் கத்தியது. டொக்டரின் குரல்தான் உச்சத்தில் இருந்தது.

நல்லகாலம், இன்னும் வெட்டவில்லை. துணி, கையுறை, கருவிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடி ஓடிச் சாமான் எடுத்தேன். டொக்டருக்குக் கோபம். "மிஸி, ரெண்டு கையையும் மேசையின்ர கைப்பலகையோடை கட்டுங்கோ" என்றார்.

பண்டேஜ் துணியோடு தலைமாட்டுக்குப் போனேன். அண்ணை முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார். கட்டுவதற்காகப் பிடித்த கை, ஐஸ் பெட்டியில் வைத்த மீன்போலக் குளிர்ந்திருந்தது.

"ஆர் நிக்கிறது எண்டு கேட்டதெல்லாம் சும்மா கதை மிஸி" என்றார் மெல்ல. "எனக்குப் பயம். இந்த மேசையிலை எத்தினை பேரைப் பாத்திட்டன்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஆனால் கழுவிக் கையுறை போட்ட ஒருவரும் அவருடைய கையைத் தொட முடியாது. சட்டம் அப்படி. நடமாடும் கிருமி நான் ஒருத்திதான் தொடலாம்.

"கட்டத் தேவையில்லை டொக்டர்" என்றேன். "நான் பிடிச்சிருக்கிறன்."

என் விரல்கள் நோக நோக அவர் இறுக்கிப் பிடித்தார். ஒப்பரேசன் நல்லபடியாக நடந்தது. கடைசித் தையலும் போட்டு, டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போன பிறகும் நான் அந்தக் கையை விடவில்லை. விட எனக்கு மனம் வரவில்லை.