மாமாவின் பிறந்தநாளும் ஒரு சட்டி பன்சிட்டும்

சமைக்கவே தெரியாதவனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனால்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம்.

கலியாணமாகி நாலு மாதம். ரோவில் என்ற ஊரில் மாமனார் வீட்டில்தான் இருந்தோம். மாமா அப்போதுதான் இதய சத்திரசிகிச்சை முடிந்து வந்திருந்தார். சிரிப்பை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தவர்போல நாள் முழுக்கக் கதிரையில் இருப்பார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குச் சமையல் என் பொறுப்பு என்று அறிவித்தேன். (ஒருவரும் கேட்கவில்லை.)

என் மனைவி சுமதியோடு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ்காரி டெஸ் சொல்லித் தந்தது பன்சிட். அரிசி நூடில்ஸ், முட்டைக்கோவா, கரட், கொஞ்சம் கோழி, சோயா சோஸ். செலவு குறைவு, ஒரு சட்டி இருபது பேருக்குக் காணும்.

பாக்கெட்டைத் திறந்தால் நூடில்ஸ் முழ நீளம். மாமாவுக்கோ கை நடுக்கம். சட்டையில் சிந்துவாரே என்று இரக்கப்பட்டு, கத்தரிக்கோலை எடுத்து அத்தனையையும் விரல் நீளத்துக்கு வெட்டினேன். காய்ந்த துண்டுகள் குசினி முழுக்கப் பறந்தன. ஒன்று என் மூக்குக்கண்ணாடிக்குள்ளேயே போய்விட்டது.

மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதென்ன தம்பி, இடியப்பக் கொத்தோ?"

"இல்லை மாமி, பன்சிட்!" என்றேன் பெருமையாக.

விருந்துக்கு வந்த டெஸ் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்ததும் வாயைப் பொத்தினாள். சுமதியின் காதில் ஏதோ சொன்னாள். சுமதியின் முகம் வெளிறியது.

"என்னவாம்?" என்றார் மாமா.

"ஒண்டுமில்லை அப்பா."

"சொல்லு பிள்ளை."

"நீள நூடில்ஸ் எண்டால் நீண்ட ஆயுளாம். பிறந்தநாளுக்கு அதை வெட்டவே கூடாதாம்."

எல்லோரும் மாமாவின் நெஞ்சைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள். (கையில் இருந்தது வெறும் கரண்டி. ஆனால் கோடரி மாதிரிக் கனத்தது.)

மாமா ஒரு வாய் சாப்பிட்டார். அவர் தோள் குலுங்கியது. ஐயோ, நெஞ்சுவலி என்று பாய்ந்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்! தையல் போட்ட நெஞ்சைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமி அழுதேவிட்டார்.

"துண்டெண்டாலும் கனக்க இருக்கு தம்பி. இன்னும் கொஞ்சம் போடும்."

அதற்குப் பிறகு ஆறு பிறந்தநாள் வந்து போய்விட்டது. ஒவ்வொரு முறை இதயப் பரிசோதனைக்குப் போகும்போதும், டொக்டர் "எல்லாம் நல்லா இருக்கு" என்றதும், கார் பார்க்கில் நின்றபடியே மாமா எனக்குப் போன் எடுப்பார்.

"தம்பி, நீர் வெட்டினது சரியா வெட்டுப்படேல்லைப் போல!"