புலியின் ஃபேன் பெல்ட்

ஒரு காட்டில், காலை ஆறே காலுக்கு, நாற்பத்து மூன்று மான்கள் ஒன்றாக ஓடின. உக்கிரபாண்டி என்கிற புலி தன் காரை ஸ்டார்ட் செய்திருந்தது.

மூட்டுவலி வந்தபின் உக்கிரபாண்டி காரில்தான் வேட்டைக்குப் போகும். சாவியைத் திருப்பினால் தேய்ந்த ஃபேன் பெல்ட் மலை முழுக்கக் கேட்கும்படி அலறும். அலறினால் வண்டி கிளம்பிவிட்டது என்று புலிக்குத் தெரியும், மான்களுக்கும் தெரியும். இப்படியே மூன்று வருடம். புலி நண்டு பிடித்துத் தின்று காலம் தள்ளியது.

ஒருநாள் அது ஒரு வீடியோ பார்த்தது: 'பெல்ட் மாற்ற ஒர்க்‌ஷாப் எதற்கு? வீட்டிலேயே பத்து நிமிடம்!' உடனே புது பெல்ட் வாங்கி, குகை வாசலில் பானெட்டைத் திறந்தது. என்ஜின் இடுக்கில் பாதம் நுழையவில்லை. மெக்கானிக் தங்கப்பழத்துக்குப் போன் போட்டது. தங்கப்பழம் ஒரு முயல்.

வரும் வழியில் தங்கப்பழத்தைப் புள்ளிமான் வடிவு மறித்தது.

"அண்ணாச்சி, பெல்ட்டைக் கொஞ்சம் தொளதொளன்னு மாட்டிருங்க. சத்தம் நின்னா நாங்க செத்தோம்."

"என் கை பட்ட வண்டி வழியில நிக்காது தாயி. நின்னா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"நாளைக்குக் கூப்பிட ஆளு உயிரோட இருக்க வேண்டாமா?"

தங்கப்பழம் ஸ்பானர் பையோடு குகைக்கு நடந்தது.

பேட்டரி வயரைக் கழற்றியது. பெல்ட் எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றி ஓடுகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டது. புலி டார்ச் பிடித்தது. வேலை நடக்கும் இடம் தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம் விழுந்தது.

"வீடியோவுல பத்து நிமிஷம்னான். நாப்பது ஆச்சேல."

"அவன் கட் பண்ணிப் போட்டிருப்பான் மொதலாளி. டார்ச்சை இங்க காட்டுங்க."

விரிசல் விட்ட பழைய பெல்ட் வெளியே வந்தது. தங்கப்பழம் புதியதை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி, இறுக்கம் பார்த்தது. வடிவு சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்பானரை எடுத்து இன்னும் கால் திருப்பு இறுக்கியது. பேட்டரி வயரை மாட்டி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பியது.

"ஓடுதா?" என்றது புலி, பானெட்டில் காது வைத்து.

"ஓடுது மொதலாளி."

"சத்தமே காணுமே!"

"அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?"

புலி போனிலேயே ஐந்து நட்சத்திரம் போட்டது.

மறுநாள் ஆறே கால். மான்கள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. கூப்பிடு தூரத்தில் புலி சாவியைத் திருப்பியது. என்ஜின் ஓசையின்றி ஓடியது. மூன்று வருடப் பழக்கம்; புலி அலறலுக்காகக் காத்திருந்தது. வரவில்லை.

"ஸ்டார்ட் ஆகலையோ?"

மறுபடி திருப்பியது. ஓடுகிற என்ஜினில் ஸ்டார்ட்டர் பல் உரசி, கர்ர்ர்ரென்று பழைய அலறலைவிடப் பெரிதாகக் கத்தியது. நாற்பத்து மூன்று மான்களும் பறந்தன. புலி விடவில்லை. ஐந்தாவது திருப்பில் ஸ்டார்ட்டர் கருகும் வாடை வந்தது. ஆத்திரத்தில் சாவியை உருவியது. அதன்பின் வண்டி கிளம்பவே இல்லை.

ஜூலை 19ஆம் தேதி, புது ஸ்டார்ட்டர் மாட்டத் தங்கப்பழம் மறுபடி அழைக்கப்பட்டது. வேலையைச் சுத்தமாகச் செய்து தருமாறு இம்முறை மான்களே கேட்டுக்கொண்டன.

நீதி: எதிரியின் வண்டியை ஒழுங்காகப் பழுது பார்த்துக் கொடு, கெடுக்கிற வேலையை ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்வார்.