ஆற்றுக்குள் நிற்கிறவன்

திருநெல்வேலி டவுன்
4.5.1997

சிரஞ்சீவி குருபிரசாத்துக்கு அப்பா ஞானசம்பந்தன் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைக் கீழே காண்க.

அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய புத்தகம் கிடைத்தது. ஒரு மனிதன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாதம் காட்டிலும் மலையிலும் தனியாக நடந்த கதை. முதல் பக்கத்தில் 'அடுத்த வருஷம் நானும்' என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும் உன் அம்மா, ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொன்னாள். நானும் மாலையில் விளக்கேற்றியதும் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். விளக்கேற்றியதுதான் தப்பு. புராணம் படிக்கிற சட்டமெல்லாம் இதற்கும் வந்துவிட்டது. கஷ்டமான இடத்தில் நிறுத்தக் கூடாது, நல்ல இடம் வந்த பிறகுதான் ஏட்டை மூட வேண்டும். "வழியில நிக்கிற பிள்ளைய அங்கனயே விட்டுட்டு மூடாதிய, நம்ம பிள்ளைக்கு ஆகாது" என்கிறாள். இந்த மனிதனுக்கோ நல்ல இடமே வருவதில்லை. திங்கட்கிழமை பனியில் வழி தவறினான். அவன் ஒரு கூரையைக் கண்ணால் பார்ப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கரடி. அது கிளம்பிப் போக முப்பத்தேழு பக்கம். காட்டிலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அடுத்த வீட்டுக் காந்திமதிநாதன் வேறு தினமும் வந்து உட்கார்ந்து, "கரடி அப்பிடியெல்லாம் நிக்காது வே, நான் எத்தன ஃபைல் பாத்திருக்கேன்" என்கிறார்.

புதன்கிழமை ஆற்றைக் கடக்க இறங்கினான். தண்ணீர் மார்பு வரை வந்ததும் தன் இளமைப் பருவத்தைப் பதினோரு பக்கம் வர்ணிக்கிறான். "ஆத்துக்குள்ள நிக்கவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கதை என்னத்துக்கு?" என்று உன் அம்மா அழுதேவிட்டாள். "குறுக்குத்துறையில வெள்ளம் வந்தா கோயிலே முங்கிருது, இவன் எம்மாத்திரம்" என்று காந்திமதிநாதன் ஆறுதல் சொன்னார். பக்கத்தைப் புரட்டினால், 224-க்குப் பிறகு 257. நடுத்தாள்களை பைண்டு பண்ணினவன் விட்டுவிட்டான். 257-இல் மூட்டையில் என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற பட்டியல்தான் இருக்கிறது.

நாலு நாளாகப் புத்தகம் விரித்தபடியே கிடக்கிறது. தாள் புரண்டுவிடும் என்று ஃபேனை நிறுத்தியாயிற்று. சித்திரை மாதத்து நெல்லையைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டாம். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பூத்துக்குப் போய் உனக்கு போன் போட்டால் ஏதோ மெஷின் பேசுகிறது. "நீ ஆத்துல இறங்காத ராசா" என்று அதனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தாள். ஆகையால் இது கண்டதும் பேசவும். அவன் கரையேறினானா? நீ போக மாட்டாய்தானே? இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும். அதுவரை எங்களுக்குக் காற்று கிடையாது.

நெல்லையப்பர் துணை. காலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புள்ள அப்பா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் காந்திமதிநாதன் புத்தகத்தை விரித்த கோலம் மாறாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க, நான் அடியில் குனிந்து பின்னட்டையைப் பார்த்தேன். அந்த மனிதன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் பெண்சாதி, காலடியில் ஒரு நாய். ஆற்றோடு போனவன் புத்தகம் எழுத முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் நாலு நாளாகத் தோன்றவில்லை. மூடிவிட்டோம். ஃபேன் ஓடுகிறது. உன் அம்மா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "நடக்கணும்னா நடந்துட்டு வரட்டும். ஆனா பின்னட்டையில எம்பிள்ள தனியா நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். சுகிர்தா என்ற பெண்ணின் ஜாதகம் இத்துடன் இருக்கிறது. நாய் உன் இஷ்டம்.